சாவி கொடுக்காதவர்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குத் தேங்க்ஸக்கா என்று பெயர். வைத்தவர் சோப்பண்ணன். துவைக்கும் இயந்திரங்களெல்லாம் அவர் பொறுப்பு. ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிற மனிதர், தனக்கு யார் வைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் முறைப்பார். தேங்க்ஸக்காவுக்குக் கோபமே வரவில்லை. பெயர் வைத்ததற்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

நன்றி சொல்வதில் அவள் மகா ஊதாரி. பஸ் நின்றால் டிரைவருக்கு ஒரு தேங்க்ஸ். நிற்காமல் போனால், அடுத்த பஸ் டிரைவருக்கு அதையும் சேர்த்து. அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற டாக்டருக்கு, ஒரு தடவை ஏதோ யோசனையில் லிஃப்டுக்கே சொல்லிவிட்டாள். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. அதுவும் பாவம் தூக்கிட்டுத்தானே வந்துச்சு" என்றாள்.

தனக்கென்று ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் இப்படி வாரி இறைக்க மாட்டார்கள். அவளுக்கு அந்த நம்பிக்கை போய் வெகுநாளாயிற்று. அதனால் ஒரு நாள் ஒழுங்காக விடிந்து, ஒழுங்காக முடிந்தாலே யாருக்காவது கடன்பட்டது போலிருக்கும்.

பெரிய உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, விரிப்பை உதறி, மூலைகளைச் சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கைமாற்ற வேண்டும். அவளுக்கு ஜோடியாக நிற்கிறவள் பெயர் கொட்டாவி. காரணம் சொல்லத் தேவையில்லை. விரிப்பின் இரண்டு முனையும் ஒன்று சேர்வதற்குள் கொட்டாவி இரண்டு கொட்டாவி விட்டிருப்பாள், அதைப் பார்த்துத் தேங்க்ஸக்காவும் ஒன்று விடுவாள். ஆனால் மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது.

இந்த ஊருக்கு அவள் ஓடி வந்தவள். யாரிடமிருந்து என்று சலவைக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

அவள் புருஷன் அரசாங்க உத்தியோகஸ்தன். போலீஸ் இலாகாவில் தொலைபேசிப் பதிவுகளைப் பார்க்கும் பிரிவு. யார் யாரோடு எப்போது, எங்கிருந்து பேசினார்கள் என்பதெல்லாம் அவன் மேசைக்கு வரும். உத்தியோகத்தில் சுத்தம். கை நீட்ட மாட்டான், நேரம் தவற மாட்டான். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தங்கமான மனுஷன் என்பார்கள். கதவைச் சாத்திய பிறகு அந்தத் தங்கம் வீட்டில் என்ன செய்தது என்பதை அவள் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு இடது காது பாதிதான் கேட்கும். அதை மட்டும் சொன்னால் போதும்.

முதல் தடவை ஓடியபோது ஒரு தோழி வீட்டில் போய் இருந்தாள். ஊரில் இருக்கும் கூடப் பிறந்த அக்கா பயந்து போயிருப்பாளே என்று அவளுக்கு ஒரே ஒரு போன். மறுநாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். "வாம்மா, போகலாம்" என்றான். மற்றவர்கள் எதிரில் என்ன பாசம்! தோழியின் அம்மாவே "நல்ல பிள்ளையா இருக்காரே" என்று அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வைத்தாள். இரண்டாம் தடவை வேறு ஊர், புது நம்பர். அந்தப் புது நம்பரிலிருந்தும் அவள் பேசியது அக்காவோடுதான். வேறு யாரோடு பேசுவாள்? அவனுக்கு அது போதுமாக இருந்தது. அக்காவின் நம்பருக்கு எங்கிருந்தெல்லாம் அழைப்பு வருகிறது என்று பார்த்தான், வந்துவிட்டான். எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. திறந்து பார்க்கும் வசதி மேசை மேலேயே கிடந்தது. திறந்து பார்த்தான், அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை அவளைக் காப்பாற்றியது பெண்களுக்கான ஓர் இல்லமும், பொட்டலமும்.

பொட்டலம் என்பது போனில் செய்தி அனுப்பும் ஒரு செயலி. சின்ன கம்பெனி ஒன்று செய்தது. இல்லத்தை நடத்துகிற அம்மாள் அவள் போனில் அதைப் போட்டுக் கொடுத்து, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்: "நீ பேசறதை உன் போனே பொட்டலமாக் கட்டிப் பூட்டிடும். பிரிக்கிற சாவி உங்க அக்கா போன்ல மட்டும்தான் இருக்கும். நடுவுல தூக்கிட்டுப் போறான் பாரு கம்பெனிக்காரன், அவனுக்கே உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எங்கேருந்து வருதுன்னும் எழுதி வைக்க மாட்டான்."

"அவர் பார்க்கணும்னு நினைச்சா?"

"நினைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

அன்று அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் அவருடைய ரவிக்கைக் கை நனைந்து போயிற்று.

அக்கா போனில் அதை ஏற்றிக் கொடுத்தது இல்லத்துக்குத் தெரிந்த ஒரு நர்ஸ். பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அக்காவுக்குப் பல்லும் சரியாயிற்று, தங்கையும் கிடைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: எந்த ஊர், எந்தத் தெரு என்று அக்கா கேட்கக் கூடாது, இவளும் சொல்லக் கூடாது. தெரியாத ஒன்றை அக்காவிடமிருந்து யாரும் மிரட்டிப் பிடுங்க முடியாது அல்லவா?

அக்காவும் கேட்கவில்லை. அதைத் தவிர மற்றதெல்லாம் பேசினாள். எழுதுகிற ஜாதியில்லை அக்கா. பேசித்தான் அனுப்புவாள். பேச ஆரம்பித்தால் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்காது.

"ஏண்டி, சாப்பிட்டியா? இரு, பதில் சொல்லாதே, நான் முடிச்சுடறேன். மாடி வீட்டுக்காரி மறுபடியும் மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிட்டா. தண்ணி நம்ம படியில அருவியாக் கொட்டுது. உங்க மாமா என்ன பண்ணினார் தெரியுமா? சோப்பை எடுத்துட்டுப் போய் அதுலயே குளிச்சுட்டு வந்துட்டார். கேட்டா, வந்த தண்ணியை வீணாக்கலாமாங்கறார். இந்த ஆளோட நான் எப்படிடீ குப்பை கொட்டறது?"

வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல காதில் அதை வைத்துக்கொண்டு கேட்பாள். மோட்டார், மாமாவின் தொப்பை, எதிர்வீட்டுச் சண்டை, எங்கோ வைத்துவிட்டுத் தேடும் கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பெண்பிள்ளை ஏன் தனக்குத்தானே சிரிக்கிறாள் என்று கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். அவளுக்கு அந்த இடமும் லாபம். இப்படியே சில வருஷங்கள் நிம்மதியாக ஓடின.

அப்புறம் சட்டம் வந்தது.

சலவைக்கூடத்து ஓய்வறையில் தலைக்கு மேலே ஒரு டிவி உண்டு. அதில் ஒரு மந்திரி பேசிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிச் செயலி நடத்துகிறவர்கள் எல்லாரும் சாவிகளின் நகலை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கென்று ஒரு சாவிக் காப்பகம் திறக்கப்படும். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் ஒரு சாவியும் வெளியே வராது. தப்புச் செய்யாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

"இவருக்கு யாரோ நல்லா சாவி கொடுத்து விட்டிருக்காங்க" என்றாள் கொட்டாவி. "நிறுத்தாம பேசறார் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சோப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? என் மச்சான் பொண்ணு, சின்னப் பொண்ணு, அவளை ஒருத்தன் இப்படித்தான் யாருக்கும் தெரியாம பேசிப் பேசியே ஊரை விட்டுக் கூட்டிட்டுப் போயிட்டான். கண்டுபிடிக்கறதுக்குள்ள நாங்க செத்துப் பிழைச்சோம். போலீஸ்காரங்க கையை விரிச்சுட்டாங்க. பூட்டியிருக்கு, எங்களால பிரிக்க முடியலைன்னுட்டாங்க. சாவி இருந்திருந்தா அன்னைக்கே ஆளைப் பிடிச்சிருப்பாங்கல்ல?"

தேங்க்ஸக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தால் அவளுக்கும் பாவமாக இருந்தது. மழை நாளில் தன் குடையில் தேங்க்ஸக்காவை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடுகிற மனிதர் அவர். அவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது?

"நல்லவங்க கையில இருந்தா சரிதாண்ணே" என்றாள், மெதுவாக.

"கவர்ன்மென்ட் கையிலதானேம்மா இருக்கப் போகுது?"

மற்றவர்களுக்கு அரசாங்கம் என்றால் ஒரு கட்டடம், ஒரு கொடி, ஒரு ரப்பர் முத்திரை. அவள் அரசாங்கத்தைப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடக் கேட்டிருக்கிறாள். அதன் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். சாவிக் காப்பகத்தில் நீதிபதியா உட்கார்ந்திருக்கப் போகிறார்? யாரோ ஒரு மனிதன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், கோபம் இருக்கும், ஓடிப்போன பெண்டாட்டிகூட இருக்கலாம்.

இருக்கலாம் என்று அவள் நினைத்தது கொஞ்ச நாளில் அக்காவின் வாயாலேயே உறுதியாயிற்று. அன்றைக்கு அக்கா சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"உன் வீட்டுக்காரனுக்கு மாத்தல் ஆயிருக்குடி. உங்க மாமா கடைத்தெருவுல பார்த்திருக்கார். என்ன சகலை, எப்படி இருக்கீங்கன்னு இந்த மனுஷன் வாயைக் குடுத்திருக்கார். புதுசா ஒரு ஆபீஸ் திறக்கறாங்க, பழைய பிரிவுலேருந்து அனுபவம் உள்ளவங்களாப் பார்த்துப் போட்டிருக்காங்கன்னானாம். சாவி ஆபீஸாம்டி. இவர் வந்து ஏதோ பூட்டுக்கடை மாதிரி சொல்றார். நாம பேசறதெல்லாம் அவன் கேப்பானாடி? சொல்லு."

பஸ் அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அங்கிருந்து நடந்தே வந்தாள்.

பொட்டலத்தில் உதவி கேட்பதற்கென்று ஒரு மூலை உண்டு. அதில் எழுதினாள். நிறைய எழுதி, எல்லாவற்றையும் அழித்தாள். யார், எவர், எந்த ஊர் என்று எதையும் சொல்ல முடியாமல் ஒரு மனிதப் பிறவி எப்படித்தான் கெஞ்சுவது? கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "தயவுசெய்து என் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

பதில் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புத்தான் வந்தது.

"சாவிகளைக் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் சாவி இல்லை. உங்கள் போன்களில்தான் இருக்கிறது. அவை எங்கள் வழியாக அரசுக்குப் போகும்படி செயலியை மாற்றிக் கட்டச் சொல்கிறார்கள். அப்படிக் கட்டினால் அது பொட்டலம் ஆகாது. அதனால் இந்த மாதக் கடைசி நாள் மாலையோடு மூடுகிறோம். அன்று எல்லாம் தானாக அழிந்துவிடும். அதுவரை சாவி உங்களிடமே இருக்கிறது, கவலை வேண்டாம். எங்களால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான். மன்னியுங்கள்." கீழே, நேரில் பேச விரும்புகிறவர்களுக்கென்று கம்பெனியின் விலாசம்.

அது பொட்டலம் ஆகாது என்று படித்த இடத்தில் அவளுக்கு அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. மூடுகிறோம் என்று படித்த இடத்தில் மண்ணை வாரித் தூற்றலாம் போலிருந்தது. அவனிடமிருந்து தப்பித்தாள், சரி. அக்காவிடமிருந்துமா தப்பிக்க வேண்டும்? யாரோ ஒரு மந்திரி சாவி கேட்டதற்கு, மாடி வீட்டு மோட்டார் கதை அவளுக்கு இல்லாமல் போக வேண்டுமா? இரண்டு உணர்ச்சியும் சேர்ந்து வந்ததில், அன்று முழுக்க யாருக்கும் தேங்க்ஸ் சொல்ல மறந்து போனாள். "உடம்பு சரியில்லையா?" என்று கொட்டாவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விலாசத்தைப் பார்த்து வேறு திடுக்கிட்டிருந்தாள். இதே ஊர். அவள் பஸ் போகிற தெரு. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. தினமும் ஜன்னலிலிருந்து அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். இறங்கவில்லை. அந்த வாசலை யார் யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்களோ.

மாதம் முடிய முடிய ஒரே யோசனைதான். இத்தனை நாள் கட்டிக் காத்த விலாசத்தை அக்காவிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் அக்கா அவ்வளவுதான். வேறு எந்தச் செயலியில் பேசினாலும் சாவி அவன் ஆபீஸில் இருக்கும். சொன்னால், அதுவும் யார் கையிலாவது சிக்கினால், மறுநாள் சாயங்காலம் வாசலில் "வாம்மா, போகலாம்."

கம்பெனிக்காரர்கள் மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை விழுந்திருந்தது. சொந்தக் கடையையே இழுத்து மூடுகிறவர்கள் கடைசி நாளில் ஏமாற்றவா போகிறார்கள்? கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் துணிக் கிடங்கின் மூலையில் போய் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரியின் பெயர், ஊர், பின்கேட், சலவைக்கூடம் எல்லாவற்றையும் போனில் சொல்லி அனுப்பினாள். "மனசுல மட்டும் வச்சுக்கோக்கா. எங்கேயும் எழுதாதே. மாமாகிட்டயும் சொல்லாதே, அவர் வாயில எதுவும் நிக்காது. முடிஞ்சப்போ வா. வர முடியலைன்னா பரவாயில்லை" என்று முடித்தாள்.

அக்கா கேட்டாளா என்று தெரியவே இல்லை. அக்கா வேலையெல்லாம் முடித்து, மாமாவுக்கு டீ போட்டுக் கொடுத்து, கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பாள். மாலையில் பொட்டலத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் நல்ல காதுக்கு வேலையில்லாமல் போயிற்று. பின்கேட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் விரிப்பு நழுவும். அவன் வரவில்லை. அதற்கே தினமும் மனசுக்குள் அந்தக் கண்ணாடிக் கடை மாடிக்கு ஒரு நன்றி போட்டாள். அக்காவும் வரவில்லை. ஓய்வறையில் சோப்பண்ணன், "அந்தப் பொட்டலக் கம்பெனியை மூடிட்டாங்களாமே, நல்லதாப் போச்சு" என்றார். அவள் அவருக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் காலை, மடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி, "இரு, முகம் கழுவிட்டு வந்துடறேன், தூக்கமா வருது" என்று தன் முனையை மேசை மேல் போட்டுவிட்டுப் போனாள். தேங்க்ஸக்கா தன் முனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள். விரிப்பு இறுகியது. வந்துவிட்டாள் என்று உதறினாள். எதிர்ப்பக்கம் மூலையைச் சேர்க்கத் தெரியாமல் தடுமாறியது.

"என்னடீ இது, இவ்வளவு சூடா இருக்கு" என்றாள் அக்கா.

விரிப்பு தரையில் விழுந்தது. துவைத்த துணி தரையில் விழுந்தால் மறுபடி துவைக்கப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்றைக்கு அந்த ஒரு விரிப்பிலேயே இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சோப்பண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அதைத் தானே எடுத்துப்போய் இயந்திரத்தில் போட்டார்.

"கேட்டியாக்கா? அன்னைக்கே கேட்டியா?"

"கேக்காம? அழியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கேட்டேன். ஒரே தடவை. அப்படியே நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. போனை வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கேன். உங்க மாமாகிட்ட, தினம் கடைக்குப் போறப்போ என் போனையும் பையில போட்டுட்டுப் போங்க, யாராவது கூப்பிட்டா என் மாதிரி பேசுங்கன்னு சொல்லியிருக்கேன். அவன் பார்த்தா நான் ஊர்லயே இருக்கற மாதிரித் தெரியணுமே. எங்கே போறேன்னு கேட்டார். பல்வலின்னேன். எந்தப் பல்லுன்னு கேட்கலை. அந்த மனுஷனுக்கும் புரியும்டி." பஸ்ஸில் வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் சொன்னாள். அதுதான் அவளுக்குப் பெரிய தியாகம்.

அவன் வந்து போன கதையைச் சாயங்காலம் அவளுடைய ஒற்றை அறையில் கட்டில் மேல் காலை நீட்டிக்கொண்டு அக்கா சொன்னாள்.

கம்பெனிக்காரர்கள் அறிவிப்பில் 'சாவி உங்களிடமே இருக்கிறது' என்று போட்டிருந்தார்களா? அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு சாவி தன்னிடம் இருக்கிறது, கொடுத்தார்கள், தான்தான் வழக்கம் போல் எங்கோ வைத்துவிட்டோம். பொட்டலம் மூடிய பிறகும் விடாமல் தேடினாள். அந்தச் சாவி கிடைத்தால் தங்கை குரல் திரும்பி வந்துவிடாதா என்று ஓர் ஆசை. பீரோ, பரண், மாமாவின் பழைய பெட்டி என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டி, அகப்பட்ட சாவியையெல்லாம் கூடத்தில் ஒரு செய்தித்தாளை விரித்துக் கொட்டியிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் வந்து நின்றான்.

"எப்பவும் போலத்தான். அக்கா, சௌக்கியமா, கால் வலி எப்படி இருக்குன்னு தேனா ஒழுகினான். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான். உங்க போனுக்கு வர்றதெல்லாம் ஆபீஸ்ல போட்டுப் பார்த்தேங்க்கா, மத்த கம்பெனியெல்லாம் ஒழுங்காக் குடுத்துட்டாங்க, அந்தப் பொட்டலக்காரன் மட்டும் ஒண்ணும் குடுக்காமலேயே மூடிட்டான், அதனால நேர்ல வர வேண்டியதாப் போச்சுங்கறான். அவன் வாயாலேயே சொல்றான்டி!"

"ஜட்ஜு உத்தரவு ஏதாவது...?"

"ஜட்ஜாவது ஒண்ணாவது. கைலியோட வந்தான். லீவு நாள். வந்து, சாவி உங்ககிட்டதான் இருக்கும், எடுங்கங்கறான். நானும் அதைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்? இதோ கிடக்கு தம்பி, எல்லாமே, எதுன்னு எனக்குத் தெரியலை, நீங்கதான் சாவி ஆபீஸாச்சே, பார்த்து எடுத்துக்குங்கன்னு பேப்பரோட அவன் பக்கம் தள்ளி விட்டேன்."

தேங்க்ஸக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. கிண்டல் பண்றீங்களான்னான். சத்தியமா இல்லடி, அப்போ எனக்கு நிஜமாவே தெரியாது. உங்க மாமா வேற பக்கத்துல உக்காந்து, சகலை, அந்தப் பித்தளைச் சாவி மட்டும் வேணாம், அது என் சைக்கிளுதுங்கறார். போனைக் குடுங்கன்னான். குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ள ஒண்ணும் இல்லை. வச்சுட்டுப் போயிட்டான். போனப்புறம்தான் எனக்கு விஷயமே உறைச்சுது. கொஞ்ச நாள் ஆறட்டும்னு இருந்துட்டு இப்போ வந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் தேங்க்ஸக்காவுக்கு முழுசாகப் புரிந்தது. அவன் தேடிப் பார்த்திருக்கிறான். காப்பகம் திறந்ததுமே, எந்த நீதிபதியையும் கேட்காமல், முதல் வேலையாக. அரசாங்கம் சொன்னபடி கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால், துணிக் கிடங்கு மூலையில் நின்று அவள் பேசியதை அக்காவுக்கு முன்னால் அவன் கேட்டிருப்பான். விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வேறு ஆள் நின்றிருப்பான்.

"அவங்களை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்க்கா" என்றாள்.

"நாளைக்கே போவோம். எவனாவது பார்த்தா, கண்ணாடிக் கடைக்கு வந்தோம்னு சொல்லிக்கலாம். எனக்குத்தான் கண்ணு தெரியலையே" என்றாள் அக்கா.

மாடியில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பெரும்பாலும் காலி. சுவரில் மேசைகள் இருந்த இடமெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. கயிறுபோல் சுருட்டிய மின்வயர்கள், ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கடுமையான ஜலதோஷம். இவர்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். அடி வாங்கிப் பழகியவர்கள் எழுந்து நிற்கும் விதம் அது. தேங்க்ஸக்காவுக்கு அது தெரியும்.

"திட்டறதுக்கு வந்திருந்தா, கொஞ்சம் உக்காந்துட்டுத் திட்டுங்க. எனக்கு நிக்க முடியலை" என்றாள்.

"திட்ட வரலைம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண்தான் பொட்டலம் கட்டியவர்களில் ஒருத்தி. மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். சட்டத்தை மீறியதாக இவள் பேரில்தான் வழக்கு நடந்தது. திருடர்களுக்குத் துணை போகிறவள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது தினமும் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, புகாராக இல்லாமல், பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது போல் சொன்னாள்.

"சில நாள் எனக்கே சந்தேகம் வரும். நிஜமாவே தப்பானவங்களும் இதுல இருந்திருப்பாங்க. அது எனக்குத் தெரியும். தூக்கம் வராது."

தேங்க்ஸக்காவுக்குச் சோப்பண்ணனின் மச்சான் பெண் ஞாபகம் வந்தது. இல்லை என்று அவள் சொல்லவில்லை. எதிரே போய் நின்று அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தாள். நன்றி சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய், அன்றைக்கென்று பார்த்து எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா. "நீ அன்னைக்கு சாவியைக் குடுத்திருந்தா இன்னைக்கு இவ இல்லை. அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வந்தோம்."

அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோர்ட்ல கேட்டாங்க" என்றாள். "இவ்வளவு பிடிவாதம் யாருக்காக, ஒரே ஒரு ஆளையாவது காட்டுங்கன்னாங்க. என்கிட்ட ஒருத்தர் பேர்கூட இல்லை. தெரியக் கூடாதுன்னுதானே அப்படிக் கட்டினோம்? இத்தனை நாள்ல, எங்களால ஒருத்தர் நல்லா இருக்காங்கன்னு நான் கண்ணால பார்த்ததே இல்லைங்க."

"இதோ முழுசா நிக்கறாளே கண்ணு முன்னாடி!" அக்காவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அடுத்த தடவை எவனாவது கேட்டா, தலையை நிமிர்த்திச் சொல்லும்மா. இவளுக்காகத்தான்னு இவ பேரைச் சொல்லு!"

அந்தப் பெண் சிரித்தாள். அழுகையும் ஜலதோஷமும் கலந்த சிரிப்பு.

"சொல்ல முடியாதேம்மா" என்றாள்.

அக்கா அப்படியே வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம் மெல்ல மூடிக்கொண்டாள்.

"ஆமால்ல" என்றாள்.